ரெ.கா. விட்டுச் சென்ற வேலை

(பினாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைப் பேச்சுகள் இங்கே நீக்கப்பட்டுள்ளன.)



என்ன தலைப்பில் பேசுவது என்பதை அமைப்பாளர்கள் என்னிடமே விட்டுவிட்டார்கள். பினாங்கில் நின்றுகொண்டு நவீனத் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எனக்கு முதலில் நாவில் வரும் பெயர் ரெ. கார்த்திகேசு. ரெ.கா. என்ற இரண்டெழுத்தைச் சொன்னாலே இந்த ஊரில் முகங்கள் மலரும். 2016 அக்டோபரில் அவர் மறைந்தார். பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பின் இருநூறாம் ஆண்டை நாடு முழுவதும் தமிழ்ப் பள்ளிகள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே மாதம் அது.

அவரை நேரில் பழகி அறிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் நினைவுகள் உங்களுடையவை. அவற்றோடு போட்டியிட நான் வரவில்லை. நூலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய அவர் எழுத்தையும், எல்லாரும் அறிந்த அவர் வாழ்க்கைக் குறிப்பையும் வைத்தே பேசுகிறேன். நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். மலேசியத் தமிழ் இலக்கியம் போன்ற ஒரு சிறிய சமூகம் உயிரோடு இருப்பதற்கு நிறைய பேர் எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைப் பொறுப்போடு படித்து, படித்ததைப் பொதுவில் சொல்ல ஒருவராவது வேண்டும். ரெ.கா. அந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அவர் மீது நமக்குள்ள அன்பின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் துணிபு.

1. பீடோங்கிலிருந்து குளுகோர் வரை

வாழ்க்கைக் குறிப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1940இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தார். வானொலியில் சேர்ந்து ஒலிபரப்பாளரானார். தனிநாயகம் அடிகள் கட்டி எழுப்பிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறையும், இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொதுத் தகவல் சாதனத் துறையும் படித்தார். பிறகு குளுகோரில் உள்ள நம்முடைய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து பேராசிரியராக ஓய்வு பெற்றார்.

நாவல்கள் ஐந்து: ‘வானத்து வேலிகள்’, ‘தேடியிருக்கும் தருணங்கள்’, ‘அந்திம காலம்’, ‘காதலினால் அல்ல’, ‘சூதாட்டம் ஆடும் காலம்’. சிறுகதைகளில் ‘புதிய தொடக்கங்கள்’ 1974இல் வந்தது. ‘மனசுக்குள்’ 1995இல் வந்தது. அதன் பிறகு ‘இன்னொரு தடவை’, ‘ஊசி இலை மரம்’, ‘நீர் மேல் எழுத்து’. கட்டுரைகள் ‘விமர்சன முகம்’ என்ற பெயரில் நூலாயின.

இந்தப் பட்டியலில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் சிறுகதைத் தொகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. முதல் நாவல் 1981, அடுத்தது 1993. அவருடைய நூல்களில் பெரும்பகுதி ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தவை. பணியும் ஆய்வும் குடும்பமும் ஒரு மனிதனின் நடு வயதை எப்படித் தின்றுவிடும் என்பது இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலர் அந்த இடைவெளியில் எழுத்தை விட்டே போய்விடுகிறார்கள். ரெ.கா. திரும்பி வந்தார். வந்தது மட்டுமா? வந்த பிறகு தன் எழுத்தோடு பிறர் எழுத்தையும் சேர்த்தே சுமந்தார்.

2. நூல் வெளியீட்டு மேடையும் விமர்சனமும்

நம் ஊர் நூல் வெளியீடு ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஞாயிறு மாலை. மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு. உள்ளே தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை. மேடையில் எட்டு நாற்காலி. பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு கனத்த உறை ஒன்றைத் தருகிறார். அவரைத் தொடர்ந்து பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக வரிசையில் வருகிறார்கள். உறையைக் கொடுத்து, நூலை வாங்கி, எழுத்தாளரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொன்னாடை. பிறகு மீகூன், வடை, தேநீர்.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உறைகள்தான் அச்சகக் கடனை அடைக்கின்றன. நம் நாட்டில் தமிழ் நூலுக்கு நிலையான பதிப்பகம் மிகக் குறைவு. எழுத்தாளர் தன் சேமிப்பைப் போட்டுத்தான் அச்சடிக்கிறார். ஊர் கூடி அந்தச் சுமையைத் தாங்குகிறது. தமிழர்கள் வாழும் எத்தனையோ நாடுகளில் இந்த வழக்கம் இல்லை. இது நம் பெருமை.

ஆனால் அந்த மேடையில் நூலைப் படித்துவிட்டுப் பேச வாய்ப்பு எங்கே இருக்கிறது? நூல் ஆய்வு என்று அழைப்பிதழில் ஒரு வரி இருக்கும். ஆய்வுரை ஆற்றுபவருக்கு நூல் கையில் கிடைத்து மூன்று நாள் ஆகியிருக்கும். எதிரே எழுத்தாளரின் தாயார் புடவை கட்டி முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அங்கே நின்று மூன்றாம் அத்தியாயம் நீர்த்துப் போயிருக்கிறது என்று சொல்ல மனம் வராது. சொல்லவும் கூடாது. சொல்ல வேண்டிய இடம் வேறு. அந்த வேறு இடம் நமக்கு இல்லாமல் போனதுதான் குறை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டில் தேசிய இலக்கியம் என்ற தகுதி மலாய் மொழி எழுத்துக்கு உரியது. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருது மலாயில் எழுதுபவர்களுக்கே. அவர்களுக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற அரசு மொழி, பதிப்பு நிறுவனம் இருக்கிறது. இலக்கிய மாத இதழ் இருக்கிறது. திறனாய்வாளருக்கு மேடையும் ஊதியமும் இருக்கின்றன. தமிழில் எழுதுபவருக்கு நாளிதழின் ஞாயிறு பதிப்பு இருக்கிறது. பல தலைமுறையாக மலேசியத் தமிழ்ச் சிறுகதை, கவிதை, தொடர்கதை எல்லாம் வளர்ந்தது அந்த ஞாயிறுப் பக்கங்களில்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த கதையைத் திங்கட்கிழமை யாரும் பேசுவதில்லை. பொருள் சுற்றிக் கொடுக்க அந்தத் தாள் கடைக்குப் போய்விடும்.

இந்தச் சூழலில் ஒருவர் நாளிதழில் வந்த கதையை வெட்டி வைத்து, தொகுப்பாக வந்த நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்து, அதை நூலாகவும் ஆக்கினால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். ‘விமர்சன முகம்’ நூலின் மதிப்பு எனக்கு அதில் இருக்கிறது. கருத்து ஒவ்வொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு படைப்பைப் பற்றி, அது வெளிவந்த காலத்திலேயே, கோலாலம்பூரிலோ சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ இருந்த எழுத்தாளர் ஒருவர் தன் பெயரைத் தேடிப் படிக்கக்கூடிய மதிப்பீடு தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை.

3. இந்த ஊரின் ஆசிரியர் மரபு

பினாங்குக்கு என்று ஒரு குணம் உண்டு; அது ரெ.கா.வுக்கு முன்பே இருந்தது. நாகூர் குலாம் காதிறு நாவலர் போன்ற புலவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி வந்து இங்கே இதழ்ப் பணி செய்தார்கள். சுவாமி இராமதாசர் செந்தமிழ்க் கலாநிலையம் நிறுவி இளைஞர்களுக்கு யாப்பும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். நம் காலத்தில் இறையருட்கவிஞர் சீனி நைனா முகம்மது ‘உங்கள் குரல்’ இதழின் வழியாகத் தொல்காப்பியத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். அவரும் 2014இல் நம்மை விட்டுப் போனார். இன்று நாடு முழுதும் விழாக்களில் ஒலிக்கும் ‘நிலைபெற நீ வாழியவே’ அவர் எழுதியது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆக, மரபுக் கவிதைக்கு இந்த ஊரில் வாத்தியார்கள் இருந்தார்கள். தளை தட்டினால் தட்டிக் கேட்க ஆள் இருந்தது. கவிஞர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், திருத்திக்கொண்டு வருவார். உரைநடைக்கு அந்த மரபு உருவாகவில்லை. 1950–51இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். மலாயாவின் முதல் தலைமுறைச் சிறுகதையாளர் பலர் அதில் தேறி வந்தவர்கள். அந்த வகுப்பு நின்ற பிறகு, கதை எழுத வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடம் சுருங்கிவிட்டது. போட்டிகள் பெருகின. போட்டியில் பரிசு கிடைக்கும், கிடைக்காமல் போகும். ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் எழுதியவருக்குத் தெரியாது.

ரெ.கா. இந்த வெற்றிடத்தில் நின்றார் என்பதே என் வாசிப்பு. போட்டிக் கதைகளை மதிப்பிட்டார். இளையவர்களின் நூலுக்கு முன்னுரை எழுதினார். கருத்தரங்குகளுக்குப் போனார். கவிதைக்குக் கலாநிலையம் செய்ததை உரைநடைக்கு அவர் தனியாளாகச் செய்ய முயன்றார்.

4. ஒலிபரப்பாளரின் காது

இந்த வேலைக்கு அவர் எப்படித் தகுதி பெற்றார்? அவர் தொழில்தான் அவரைத் தயாரித்தது என்று நினைக்கிறேன்.

வானொலியில் எழுதுகிறவனுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று நேரம். மற்றொன்று, கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பது. சொன்னது சொன்ன கணத்திலேயே புரிய வேண்டும். ரெ.கா.வின் உரைநடையைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு எங்கும் முட்டாது. வாக்கியம் நீண்டாலும் எழுவாய் தொலைந்து போகாது. உரையாடல் வரும் இடங்களில் யார் பேசுகிறார் என்று தேட வேண்டியதில்லை. செந்தமிழ் அலங்காரம் மேலோங்கிய ஒரு காலத்தில் இந்த எளிமை சாதாரண விஷயமில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு செய்தது தொலைக்காட்சியை. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1983 வரையிலான வளர்ச்சி வரலாற்றை மலாய் மொழியில் எழுதினார். டேவான் பஹாசா அதை 1994இல் வெளியிட்டது. தனியார் நிலையம் வருவதற்கு முன்பிருந்த இருபது ஆண்டுக் கதை அது. மலாயில் எழுதத் தெரியும், ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். கதையையும் அந்த மொழிகளில் எழுதியிருந்தால் கல்வித்துறையில் அவருக்கு நன்மையே. ஆனால் கதையைத் தமிழில்தான் எழுதினார். கதையைப் பற்றிய விமர்சனத்தையும் தமிழில் எழுதினார்.

ஊடக ஆய்வாளர் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதை யார் பெறுகிறார்கள், பெற்று என்ன செய்கிறார்கள்? நம் இலக்கிய மேடைகளில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. எழுதினோம், அச்சிட்டோம், வெளியிட்டோம் என்பதோடு நிற்கிறோம். வாசகனை மறந்துவிடாத ஒரு விமர்சகர் நமக்குக் கிடைத்தார் என்றால் அதற்கு அவருடைய துறையும் காரணம்.

அதே காரணத்தால்தான் கணினித் தமிழ் வந்தபோது அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஓய்வு பெறும் வயதில் புதிய கருவியைக் கற்றுக்கொண்டு உலகத் தமிழர்களோடு உரையாடினார். சுவிட்சர்லாந்தில் இருந்தபடி முனைவர் கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ரெ.கா.வின் நாவல்கள் எவரும் காசில்லாமல் படிக்கும்படி இருக்கின்றன. நூல் தீர்ந்துபோய் எழுத்தாளரே மறக்கப்படும் நிலை மலேசியத் தமிழுக்குப் புதிதில்லை. அவர் தன் எழுத்துக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொண்டார்.

5. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள்

இப்போது நாவல்களுக்கு வருகிறேன். மலேசியத் தமிழ்ப் புனைவின் பெரும் களம் ரப்பர்த் தோட்டம். பிரட்டுக் களம், லயம், பால்மரம், கங்காணி, கிராணி, கள்ளுக்கடை என்று ஒரு முழு உலகம் அதில் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’, சீ. முத்துசாமியின் ‘மண் புழுக்கள்’ எல்லாம் அந்த மண்ணிலிருந்து எழுந்தவை. அந்த வரிசைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் பிறை தொழிற்பேட்டைக்கும் பேருந்து ஏறிப் போன பிள்ளைகள் யார்? ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் தாதியராகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனவர்கள் யார்? அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விகளுக்குள் துணிந்து போனவர் ரெ.கா. மேல்தட்டு எழுத்து என்று அதற்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் நியாயமானது என்று நான் ஏற்கவில்லை. பெற்றோர் பால்வாளி சுமந்து படிக்க வைத்த பிள்ளையின் வாழ்க்கையும் தோட்டத்தின் கதைதான். அதன் அடுத்த அத்தியாயம்.

‘காதலினால் அல்ல’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்தது. களம் இந்தத் தீவின் பல்கலைக்கழகம். புதிய மாணவர்கள் வந்து சேரும் நாள்கள், விடுதி அறைகள், மூத்த மாணவர்களின் பகடிவதை, அத்தை மகள் என்ற உறவின் இழுப்பு, படிப்பின் இழுப்பு. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் அந்த நாவலைப் படித்தால் தங்கள் வளாகத்தை அடையாளம் காண்பார்கள். தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மை. அந்தச் சிறு கூட்டத்துக்குள் நடக்கும் அதிகாரமும் பயமும் பாசமும் நாவலுக்குப் பொருளாகும் என்பதை அங்கே பாடம் நடத்திய ஒருவர்தான் கண்டார். மாணவனை மதிப்பெண்ணாகப் பார்க்காத ஆசிரியரின் கண் அது.

‘அந்திம காலம்’ அதற்கு ஓராண்டு முந்தியது. அவருடைய நாவல்களில் என் மனத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். சுந்தரம் என்ற முதியவருக்குப் புற்றுநோய். அதே வீட்டில் பரமா என்ற பேரப்பிள்ளைக்கும் இரத்தப் புற்று. தாத்தாவும் பேரனும் ஒரே காலத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள். படிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். நான் காட்ட விரும்புவது வேறு. நோயைப் பற்றித் தமிழில் எழுதினால் ஒன்று அது கண்ணீராக ஆகிவிடும், அல்லது தத்துவமாக ஆகிவிடும். ரெ.கா. இதில் சிகிச்சையை எழுதுகிறார். காத்திருப்பை, மருந்து உடம்புக்குள் செய்யும் வேலையை, குமட்டலை, முடி உதிர்வதை, மனைவி ஜானகி வீட்டையும் நோயாளியையும் ஒருசேரத் தாங்குவதை எழுதுகிறார். மரணபயம் சுந்தரத்துக்கு இருக்கிறது. ஆனால் பேரனின் நோயைப் பார்த்த பிறகு அந்தப் பயம் இடம் மாறுகிறது. தனக்கென்று அஞ்சியவர் பிள்ளைக்காக அஞ்சத் தொடங்கும் அந்த மாற்றம் ஒரே காட்சியில் நிகழ்வதில்லை. அத்தியாயம் அத்தியாயமாக, நாம் கவனிக்காமலே நிகழ்கிறது. இது கை தேர்ந்த எழுத்தாளனின் வேலை.

தமிழ்நாட்டில் இந்த நாவல் அதற்குரிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். நாமாவது பேசினோமா என்பது அதற்கு முன்பாக எழ வேண்டிய கேள்வி.

6. அவர் அளவுகோலால் அவரை அளந்தால்

விமர்சகரைப் பற்றிப் பேச வந்து புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் அவர் செய்த வேலைக்கே நான் மாறு செய்தவனாவேன். எனவே இதையும் சொல்கிறேன்.

ரெ.கா.வின் புனைவில் பேராசிரியர் சில இடங்களில் பாத்திரத்தை முந்திக்கொண்டு பேசிவிடுகிறார். நல்ல காட்சி ஒன்று முடிந்த பிறகு, அந்தக் காட்சிக்கு என்ன பொருள் என்று இரண்டு பத்தி விளக்கம் வருகிறது. அந்த இரண்டு பத்தியும் இல்லாமலே நமக்குப் புரிந்திருக்கும். அவருடைய பாத்திரங்களில் பலர் தெளிவாகச் சிந்தித்து, முழு வாக்கியத்தில் பேசுகிறார்கள். மனிதர்கள் துன்பத்தில் அவ்வளவு ஒழுங்காகப் பேசுவதில்லை. எல்லாருக்கும் புரிய வேண்டும் என்ற ஒலிபரப்பாளரின் அக்கறை அவருக்கு வலிமை என்று சற்று முன் சொன்னேன். அதே அக்கறை இந்த இடங்களில் குறையாகவும் ஆகிறது.

விமர்சகராகவும் அவர் பெரும்பாலும் மென்மையானவர். ஒரு நூலில் நல்லது எது என்று தேடி, அதை முன்வைத்து, பிறகே குறையைத் தொடுவது அவர் வழி. இன்னும் கடுமையாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்த இளைய தலைமுறை கருதியது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கடுமை இல்லாமல் தரம் உயராது என்பது ஒரு கட்சி. எழுதுகிறவனே ஓடிப்போய்விட்டால் தரத்தை எதில் உயர்த்துவது என்பது ரெ.கா.வின் கட்சி. எழுதுவோர் குறைந்த நாட்டில், ஞாயிறு பதிப்பைத் தவிர வேறு களம் இல்லாத காலத்தில், அவர் தேர்ந்த வழி சரியானது என்றே நான் தீர்ப்பளிப்பேன். இன்றைக்கு அந்த மென்மையோடு கொஞ்சம் கண்டிப்பும் தேவைப்படுகிறது. அவர் போட்ட தளம் இருப்பதால்தான் இன்று கண்டிப்பைப் பற்றிப் பேசவே நம்மால் முடிகிறது.

7. பிற ஊர்களில் செய்தார்கள்

சென்னையில் 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு இதழ்களில் வரும் கதைகளைப் படித்து மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டு முடிவில் அவற்றில் சிறந்ததைத் தேர்ந்து, எல்லாவற்றையும் தொகுப்பாகவும் வெளியிட்டது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1977இல் ‘இலக்கியக் களம்’ தொடங்கி அங்கு வெளியாகும் கதைகளை மாதந்தோறும் அலச வைத்தார். கணினித் தமிழின் முன்னோடி என்றே உலகம் அவரை நினைக்கிறது. எனக்கு அந்தக் களத்தைக் கூட்டியவர் என்பதில் பெருமதிப்பு. இலங்கையில் கைலாசபதியும் சிவத்தம்பியும் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே அன்றாட எழுத்தைப் படித்தார்கள், வாதிட்டார்கள். எழுத்தாளர்கள் அவர்களோடு சண்டையிட்டே வளர்ந்தார்கள்.

இவை எதற்கும் பெரும் பணம் தேவைப்படவில்லை. படிக்க ஒப்புக்கொண்ட சிலர் மாதம் ஒருமுறை ஓர் அறையில் கூடினார்கள். நம் மாநிலத்தில் ஒரே மனிதர் அதைத் தன் தோளில் வைத்திருந்தார். அவர் போனதும் அந்த இடம் அப்படியே காலியாகிவிட்டது.

8. செய்ய வேண்டியது

ரெ.கா.வுக்கு ஆண்டுதோறும் நினைவு மலர் வெளியிடலாம், படத்துக்கு மாலை போடலாம். செய்யுங்கள்; அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். அதோடு இந்த அவையில் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது அறக்கட்டளையாருக்கு. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஓர் இளைய வாசகருக்குக் கொடுங்கள். அந்த ஓராண்டில் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பிலும் இதழ்களிலும் வந்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளை அவர் படித்து மதிப்பீட்டுக் கட்டுரை எழுதட்டும். அதுவே அடுத்த சொற்பொழிவாக இருக்கட்டும்.

இரண்டாவது பல்கலைக்கழக மாணவர்களுக்கு. ‘அந்திம காலம்’ நாவலைப் படித்துவிட்டு, பிடித்திருந்தால் பிடித்த காரணத்தையும், பிடிக்கவில்லை என்றால் அந்தக் காரணத்தையும் எழுதி அச்சில் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் எழுதினால் போதும். அந்த நாவலைப் பற்றி ஒரு நூலே ஆகிவிடும்.

மூன்றாவது உங்கள் எல்லாருக்கும். 1924இல் தொடங்கி நம் எழுத்தைத் தாங்கி வந்த ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதன் ஞாயிறுப் பக்கங்களில் வந்த எத்தனையோ கதைகள் நூலாகவே இல்லை. டத்தோ கெராமாட்டிலோ பட்டர்வொர்த்திலோ உங்கள் வீட்டுப் பரண்மேல், அப்பாவின் இரும்புப் பெட்டியில், பழைய ஞாயிறு பதிப்புகளோ வெட்டி வைத்த கதைகளோ இருக்கக்கூடும். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் மாணவர்களிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.